தலையெழுத்தா? கொசுக்கடியா?

மலேரியாச் சுரம் நடமாடும் ஊர்களிலெல்லாம் யாவரும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சங்கதி உண்டு. ஒரே தெருதான், ஒரே மழைதான், ஒரே குட்டைதான். ஆனாலும் அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை வருஷத்தில் 4, 5 தடவை குளிர்சுரத்தில் விழுந்து எழுந்திருக்கின்றது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தடவைகூட உடம்பு சுடுவதில்லை. மூன்றாவது வீட்டுப் பிள்ளையோ முதல் சுரத்திலேயே கண் சொருகி, கைகால் இழுத்து, இரண்டொரு நாளில் மடிந்து போகின்றது. பச்சைக் குழந்தைகளுக்குள் இந்த வித்தியாசம் ஏன் வந்தது என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம்.

இந்தக் கேள்விக்கு மதக்காரர்களிடம் பதில் இல்லாமல் இல்லை. வேண்டியதற்கு மேலாகவே இருக்கின்றது. ஜோசியரைக் கேட்டால் கிரகக் கோளாறு என்பார். பூசாரியைக் கேட்டால் தெய்வக் குற்றம் என்பார். புராணம் படித்தவரைக் கேட்டால் முன்ஜன்ம வினை என்பார். குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டால் பறவையின் நிழல் பட்டது, பட்சிதோஷம் என்று சொல்லித் தாயத்துக் கட்டுகின்றவர்கள் நம்மிலும் உண்டு. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் சுவாஹிலி பாஷை பேசும் மக்களிலும் இதே இழுப்புக்கு ‘டெகெடெகெ’ என்று பெயர் வைத்து, அது பறவை உருவில் வரும் ஆவியின் வேலை என்று நம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் மந்திரவாதியைத் தேடிப் போகின்றவர்கள் உண்டு. கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் மூடநம்பிக்கைக்கு ஒரே பறவை அகப்பட்டிருப்பதைப் பார்த்தால், பயத்துக்கு ஜாதியுமில்லை, தேசமுமில்லை என்பது விளங்கும்.

சுரம் வராத பிள்ளையைக் காட்டி, இது எப்படித் தப்பிற்று என்று கேட்டாலோ, ‘ஆண்டவன் கிருபை’ என்று சொல்லிவிடுகின்றார்கள். ஆகவே சுரம் வந்தாலும் கடவுள், வராவிட்டாலும் கடவுள், பிழைத்தாலும் கடவுள், செத்தாலும் கடவுள் என்றாகின்றது. எல்லா வியாதிக்கும் இந்த ஒரே வேர்தான் மருந்து என்று சந்தையில் கூவுகின்றவனை நாம் எப்படி நம்புவதில்லையோ, அப்படியே எது நடந்தாலும் பொருந்தக்கூடிய இந்தப் பதிலையும் நம்பக் கூடாது. ஏனெனில் எது நடந்தாலும் பொருந்துகின்ற பதில் எதையும் விளக்கியதாகாது.

பிள்ளைகளின் உயிர் இதில் அடங்கியிராவிட்டால் நாமும் சிரித்துவிட்டுப் போய்விடலாம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2023-ம் வருஷத்தில் மாத்திரம் சுமார் 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா கண்டது. அவர்களில் சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்துபோனார்கள். இந்தச் சாவில் 100-க்கு 95 ஆப்பிரிக்காவில் நேர்ந்தது. அங்கு இறந்தவர்களிலும் 100-க்கு 76 பேர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். முன்ஜன்மத்தில் பாவம் செய்தவர்களெல்லாம் ஆப்பிரிக்காவிலேயே போய்ப் பிறக்கவேண்டும் என்றும், புண்ணியம் செய்தவர்களெல்லாம் குளிர் தேசங்களில் பிறக்கவேண்டும் என்றும் ஏதாவது சட்டம் இருக்கின்றதா? அதிலும் பாவிகளெல்லாம் கூரைக்கும் சுவருக்கும் நடுவே சந்துள்ள ஏழைக் குடிசையிலேயே பிறப்பானேன்? ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட பங்களாவில் ஒரு பாவிகூடப் பிறப்பதில்லையா என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்தச் சுரம் எப்படி வருகின்றது என்பதை ஒருகாலத்தில் படித்தவர்களும் அறியாமலே இருந்தார்கள். மலேரியா என்ற பெயரே இத்தாலிய பாஷையில் கெட்ட காற்று என்று பொருள்படும். சதுப்பு நிலத்துக் காற்றால் வருகின்றது என்று அவர்கள் நினைத்தார்கள். 1880-ல் அல்ஜீரியா தேசத்தில் லாவரான் என்ற பிரெஞ்சு டாக்டர் நோயாளியின் ரத்தத்தில் கிருமியைக் கண்டார். 1897-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி நமது சிகந்தராபாத்திலேயே ரொனால்டு ராஸ் என்பவர் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமி வளர்வதைக் கண்டார். அன்றே கெட்ட காற்று என்ற கதை முடிந்துபோயிற்று. தப்பென்று ருஜுவானவுடன் கைவிடுவது அறிவின் வழக்கம். தப்பென்று ருஜுவான பின்பும் அதற்கு ஒரு ஸ்தலபுராணம் எழுதி வைப்பது மதத்தின் வழக்கம்.

எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது

கொசு என்று தெரிந்துவிட்டது சரி. ஆனால் கொசு எல்லோரையும்தானே கடிக்கின்றது, பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் ஏன் என்ற கேள்வி இன்னும் நிற்கின்றது. இதற்கு ஊகத்தால் அல்லாமல் கணக்கால் பதில் சொன்ன இடம் ஒன்று உண்டு. அது கென்யா தேசத்தில் இந்து மகாசமுத்திரக் கரையிலுள்ள கிலிஃபி என்ற பிரதேசம். அங்குள்ள ஆராய்ச்சிக்காரர்கள் ஏராளமான பிள்ளைகளை வருஷக்கணக்காய்த் தொடர்ந்து கவனித்து, எந்தப் பிள்ளைக்கு எத்தனை தடவை மலேரியா வந்தது, எந்தப் பிள்ளை எந்த வீட்டில் வசிக்கின்றது, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பிள்ளை என்ன உறவு என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். 2005-ல் வெளியான அந்தக் கணக்கின்படி, பிள்ளைக்குப் பிள்ளை காணும் வித்தியாசத்தில் சுமார் 4-ல் 1 பங்கு தாய் தகப்பனிடமிருந்து பிறவியில் வரும் உடற்கூற்றால் ஏற்பட்டது. சுமார் 4-ல் 1 பங்கு குடியிருக்கும் வீட்டால் ஏற்பட்டது. பாக்கியைப் பற்றிப் பின்னால் சொல்லுவோம்.

முதலில் வீட்டை எடுத்துக்கொள்ளுவோம். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு அங்கே பெரும்பாலும் இரவில், ஜனங்கள் தூங்கும்போது, கூரைக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்து வழியாக உள்ளே நுழைந்து கடிக்கின்றது. குட்டைக்குப் பக்கத்திலுள்ள வீட்டுக்கு அதிகக் கொசு. தூரத்து வீட்டுக்குக் குறைந்த கொசு. சந்து உள்ள வீட்டுக்கு அதிகம். அடைத்த வீட்டுக்குக் குறைவு. காம்பியா தேசத்தில் வீட்டின் சந்தையும் ஜன்னலையும் அடைத்துப் பார்த்த பரீட்சை ஒன்றின் முடிவு 2009-ல் வெளிவந்தது. அடைத்த வீடுகளில் நுழைந்த கொசு பாதிக்கும் கீழே குறைந்ததோடு, அவ்வீட்டுக் குழந்தைகளில் ரத்தம் வற்றிச் சோகை பிடித்தவர்களும் குறைந்தார்கள். ஆப்பிரிக்காவில் பல ஊர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த வேறொரு ஆராய்ச்சி, 100-ல் 20 பேர் மீதே 100-க்கு 80 பங்கு தொற்று விழுகின்றது என்று 2005-ல் கண்டது. கடி எல்லோருக்கும் சமமாய் விழுவதில்லை என்பதே இதன் தாத்பரியம். அந்த 20 பேரில் ஒருவனாக ஒரு குழந்தை ஆனதற்கு, அது எந்த வீட்டில், எந்தக் குட்டைக்கு அருகில் படுக்கின்றது என்பது ஒரு பெரிய காரணமேயொழிய, எந்த நட்சத்திரத்தில் பிறந்தது என்பது காரணமல்ல.

இரண்டாவது வயது. பிறந்து முதல் சில மாதங்கள் குழந்தைக்கு இந்தச் சுரம் கடுமையாய் வருவது அபூர்வம். தாயின் உடம்பிலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அதற்கு இருக்கின்றது. கருவில் இருந்தபோது ஊறிய ஒருவித ரத்தச் சாயமும் அதன் ரத்தத்தில் இருந்து கிருமிக்கு இடைஞ்சல் செய்கின்றது. சுமார் 6 மாதத்துக்குமேல் இந்த இரண்டும் தேய்ந்துபோகவே, குழந்தை வெறுங்கையோடு நிற்கின்றது. அதன்பின் திரும்பத் திரும்பச் சுரம் கண்டு பிழைத்த பிள்ளைக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் சொந்த எதிர்ப்புச் சக்தி ஏற்படுகின்றது. அப்படி ஏற்பட்ட பிள்ளையின் ரத்தத்தில் கிருமி இருந்தாலும் அது ஓடி விளையாடிக் கொண்டிருக்கக்கூடும். ஆகவே ஓடி விளையாடும் அண்ணனைக் காட்டி, செத்துப்போன தம்பியின் தலையெழுத்தைக் குறை கூறுவது முழுப் புரட்டாகும். அண்ணன் பலதடவை கடன் கட்டித் தீர்த்தவன். தம்பி முதல் தவணையிலேயே அகப்பட்டவன்.

பிறவி என்றதும் துள்ளுகின்றவர்களுக்கு

மூன்றாவது பிறவிக் கூறு. இந்த வார்த்தையைக் கேட்டதும் நமது வருணாசிரமக்காரர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். ‘பார்த்தீர்களா! பிறவியில் உயர்வு தாழ்வு உண்டென்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டதே!’ என்று சொல்ல வருவார்கள். ஆதலால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லுகின்றோம்.

ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் வட்டமாயிருப்பது வழக்கம். சிலருக்குப் பிறவியில் வரும் ஒரு கூற்றினால் அவ்வணுக்கள் அரிவாள் போல் வளையக்கூடும். இந்தக் கூறு தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மாத்திரம் வந்தால் பிள்ளைக்குப் பெரிய தொல்லை இல்லை என்பதோடு, மலேரியாவிலிருந்து காப்பும் கிடைக்கின்றது. இதை 1954-ல் அலிசன் என்பவர் எடுத்துக் காட்டினார். கடுமையான மலேரியாவுக்கு எதிராகச் சுமார் 90 சதவிகிதம் காப்பு உண்டென்று கிலிஃபியில் பின்னால் கண்டார்கள். ஆனால் அதே கூறு இருவரிடமிருந்தும் வந்துவிட்டாலோ அது கொடிய ரத்த வியாதியாகி, வைத்திய வசதியில்லாத இடங்களில் பிள்ளையைச் சிறுவயதிலேயே கொன்றுவிடுகின்றது. கூறுடைய இருவர் கலியாணம் செய்துகொண்டால், ஒவ்வொரு பேற்றிலும் 4-ல் 1 பங்கு இந்த ஆபத்து இருக்கின்றது.

இப்போது கேட்கின்றோம்: இந்தக் கூறு எந்த ஜாதிக்குச் சொந்தம்? ஆப்பிரிக்காவில் இருக்கின்றது, அரேபியாவில் இருக்கின்றது, வெள்ளைத்தோலுள்ள கிரேக்கரில் இருக்கின்றது, நமது நீலகிரிப் பக்கத்து இருளர், குறும்பர், பணியர் ரத்தத்திலும் இருப்பதை 1952-ல் கண்டார்கள். மலேரியா வெகுகாலம் குடியிருந்த இடங்களில் அதைத் தாங்கியவர்கள் அதிகமாய்ப் பிழைத்ததால் அங்கே அது மிஞ்சியதே தவிர, எந்தக் கடவுளின் முகத்திலிருந்தோ காலிலிருந்தோ அது பிறக்கவில்லை. கொசு உள்ள ஊரில் அது லாபம். கொசு இல்லாத பட்டணத்தில் அதே கூறு வெறும் நஷ்டம். ஊருக்கு ஊர் மாறுகின்ற உயர்வு ஒரு பிறவி உயர்வா? அதோடு, கிலிஃபியில் பிள்ளைகளுக்குள் கண்ட மொத்த வித்தியாசத்தில் இந்த அரிவாள் கூறு ஒன்றால் மாத்திரம் விளங்குவது 100-க்கு 2 பங்குதான். காப்பு பெரிதானாலும் அதை உடையவர்கள் சிலரே. ஆகவே பிறவியை நம்பி உட்கார்ந்திருப்பவன் பிள்ளையை வாரிக் கொடுக்கவேண்டியதுதான்.

இதில் கடவுள் பக்தர்களுக்கும் ஒரு கேள்வி. ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதற்கென்று வைத்த பொருளே இன்னொரு பிள்ளையைக் கொல்லும்படி வடித்தவன் சர்வ வல்லமையும் சர்வ தயாபரமும் உள்ளவனா? அவன் வல்லமையுள்ளவனாய் இருந்தால் கொசுவையே படைக்காமல் விட்டிருக்கலாமே! ஒரு சாதாரண தச்சன் இப்படி ஒரு கட்டில் செய்து கொடுத்தால், அவனுக்குக் கூலி கொடுப்பீர்களா, கும்பாபிஷேகம் செய்வீர்களா?

பாக்கிக் கணக்கு

இனி, பாக்கி என்று சொன்னோமே, அதற்கு வருவோம். வீட்டுக்குக் கால், பிறவிக்குக் கால் போக, மீதி அரைப்பங்கு இருக்கின்றதே, அதுதான் கடவுள் பங்கு என்று பூசாரி தட்டை நீட்டிக்கொண்டு வருவார். அவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள். மலேரியா மிகுந்த ஊரிலும்கூட எல்லாக் கொசுவும் நோய்க் கொசுவல்ல; 100-ல் ஒரு சில கொசுக்களிடமே கிருமி பக்குவப்பட்டிருக்கும். அந்தக் கொசு ஒரே பாயில் படுத்த இரண்டு பிள்ளைகளில் ஓரத்துப் பிள்ளையைக் கடித்தது. நடுவில் படுத்த பிள்ளையைக் கடிக்கவில்லை. ஒரு பிள்ளை வலைக்கு வெளியே கையை நீட்டிற்று, மற்றது நீட்டவில்லை. இதெல்லாம் தற்செயல். சந்தைக்குப் போகும் 100 பேரில் ஒருவன் காலில் முள் தைத்தால் முள்ளுக்கு அவன்மேல் கோபம் என்று சொல்லுவதில்லையல்லவா? கணக்கில் மீதி நிற்பதற்கெல்லாம் கடவுள் என்று பெயர் வைத்தால், அறிவு ஒவ்வோர் அடி முன்னே போகும்போதும் கடவுள் ஒவ்வோர் அடி பின்னே போகவேண்டி வரும். 1897-க்கு முன் முழுப்பங்கும் அவருக்கே இருந்தது. இன்று மீதிக் கணக்கில் ஒண்டுக்குடி இருக்கின்றார்.

வேண்டிக்கொண்டேன், பிள்ளை பிழைத்தது என்று மொட்டையடிக்கின்றவர்களுக்கும் ஒன்று சொல்லுகின்றோம். பிழைத்த பிள்ளையின் தாய் கோவிலுக்கு வருகின்றாள். நாலு பேருக்குத் தெரிகின்றது. அதே வேண்டுதலைச் செய்தும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வீட்டு மூலையில் அழுகின்றாள். அவளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வரவை மாத்திரம் எழுதி, செலவை எழுதாத கணக்கப்பிள்ளையை எந்த மண்டிக்காரன் வேலைக்கு வைத்துக்கொள்ளுவான்?

பரீட்சையில் தோற்றவர் யார்?

அதே கிலிஃபியில் நடந்த மற்றொரு பரீட்சையைப் பாருங்கள். மருந்து தோய்த்த கொசுவலையைச் சில பகுதிகளுக்குக் கொடுத்து, சில பகுதிகளைப் பழையபடியே விட்டுவைத்து, இரு பக்கத்துப் பிள்ளைகளையும் எண்ணினார்கள். எந்தப் பகுதிக்கு வலை என்பதைக் குலுக்கல் முறையிலேயே தீர்மானித்தார்கள். யாரும் ஜாதகம் பார்க்கவில்லை. 1996-ல் வெளியான முடிவின்படி, வலை கிடைத்த பகுதிகளில் சிறு குழந்தைகளின் சாவு 100-க்கு 33 குறைந்தது. கடும் மலேரியாவோடு ஆஸ்பத்திரிக்கு வருவது 100-க்கு 44 குறைந்தது. இரு பக்கத்துக்கும் அதே வானம், அதே கிரகம், அதே தெய்வங்கள். வித்தியாசம் ஒரு துண்டு வலைத்துணி. அந்தத் துணியால் மாற்றி எழுதக்கூடிய எழுத்துத்தான் தலையெழுத்தென்றால், அதை எழுதினவனைவிட அதை நெய்தவன் பெரியவன்.

தூரதேசத்துச் சங்கதி என்பவர்கள் பக்கத்திலுள்ள இலங்கையைப் பார்க்கட்டும். 1934-ல் அங்கே மழை பொய்த்தது. பெருக்கெடுத்து ஓடவேண்டிய ஆறுகள் குட்டை குட்டையாய்த் தேங்கின. அவற்றில் கொசு பெருகிற்று. 1934 கடைசியிலும் 1935-லும் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். அதிலும், எப்போதும் மலேரியா குடிகொண்டிருந்த வறண்ட பிரதேசத்தைவிட, அந்தச் சுரத்தை அதிகம் பழகியிராத கேகாலை, குருநாகல் பக்கத்து மக்களே மிகுதியாய்ச் செத்தார்கள். எதிர்ப்புச் சக்தி என்று நாம் மேலே சொன்னதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? பின்பு வீடுதோறும் மருந்து தெளித்ததில் 1963-ல் வருஷம் முழுவதுக்கும் 17 பேருக்குத்தான் மலேரியா கண்டது. வேலை முடிந்ததென்று தெளிப்பதை நிறுத்தினார்கள். 1968, 1969-ல் திரும்பவும் லட்சக்கணக்கானவர்கள் படுத்தார்கள். மறுபடி விடாமல் பாடுபட்டதன் பேரில், 2016-ல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் அத்தாட்சி கொடுத்தது. 1963-ல் ஒழிந்த முன்வினை 1968-ல் எங்கிருந்து திரும்பி வந்தது? 2016-ல் எந்தக் கங்கையில் அது கரைந்துபோயிற்று? மருந்து தெளிக்கும் கைக்குக் கட்டுப்பட்டு ஏறி இறங்குகின்ற கர்மத்தை எந்த சாஸ்திரம் சொல்லுகின்றது என்று பண்டிதர்கள் காட்டட்டும்.

தோழர்களே! ‘விதி’ என்பது வெறும் அறியாமை வார்த்தை மாத்திரமல்ல. அதில் சிலருக்கு லாபமும் இருக்கின்றது. பிள்ளை விதியால் செத்தது என்றால் குட்டையைத் தூர்க்காத நகரசபை பதில் சொல்லவேண்டியதில்லை. வலையும் மருந்தும் அனுப்பாத சர்க்கார் பதில் சொல்லவேண்டியதில்லை. தன் கூலியாட்களைச் சந்துள்ள குடிசையில் போட்டு வைத்த தோட்ட முதலாளி பதில் சொல்லவேண்டியதில்லை. பூசாரிக்கோ தட்சிணையும் கிடைக்கின்றது. நஷ்டமெல்லாம் பிள்ளையைப் பெற்றவளுக்கே. ஆனால் ‘காரணம்’ என்ற வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள். உடனே அத்தனை பேரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டி வருகின்றது. இதனாலேயே அவர்களுக்கு விதி இனிக்கின்றது, காரணம் கசக்கின்றது.

ஆகவே நாம் சொல்லுவதெல்லாம் இவ்வளவுதான். சுரம் கண்ட குழந்தையைத் தாயத்துக்கும் திருநீற்றுக்கும் கொண்டுபோய் ஒரு பகலை வீணாக்காதீர்கள். கடும் மலேரியா இரண்டொரு நாளுக்குள் உயிரைக் குடித்துவிடும். உடனே ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கொடுத்த மருந்தை, சுரம் விட்டாலும், கடைசி மாத்திரைவரை கொடுங்கள். நம் பக்கத்துப் பட்டணங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு கிணற்றிலும் மாடித் தொட்டியிலுமே முட்டையிடுகின்றது. அவற்றை மூடி வையுங்கள். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு இப்போது தடுப்பூசியும் வந்திருக்கின்றது. கானா, கென்யா, மலாவி தேசங்களில் 2019 முதல் போட்டுப் பார்த்ததில், ஊசிக்குரிய வயதுப் பிள்ளைகளின் மொத்தச் சாவே 100-க்கு 13 குறைந்தது. 2021-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை ஒப்புக்கொண்டது. 2023-ல் ஒப்புக்கொண்ட இரண்டாவது ஊசி நமது புனே நகரத்திலேயே தயாராகின்றது. எந்தக் கோவில் பிரசாதமாவது இப்படி எண்ணிக் காட்டக்கூடிய வேலையைச் செய்திருக்கின்றதா?

ஒரு பிள்ளை சாகவும் ஒரு பிள்ளை பிழைக்கவும் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பிறவி ஒன்றை நம்மால் மாற்ற முடியாது. வீட்டையும், குட்டையையும், வலையையும், மருந்தையும் மாற்ற முடியும். மாற்றக்கூடியதை மாற்றாமல் வைத்துவிட்டுக் கடவுள்மேல் பழிபோடுகின்றவன் பக்தனுமல்ல, பகுத்தறிவுள்ளவனுமல்ல, அவன் சோம்பேறி. மாற்ற வேண்டியவர்களை மாற்றும்படி கேட்காமல் விதியென்று வாய்மூடிக் கிடக்கின்றவனுக்குச் சுயமரியாதை இருக்கின்றது என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது.